காரில் சரவுண்ட் சவுண்ட்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தப் பக்கம் மண்டபம், ராமேஸ்வரம் வரை, என்னிடம் கார் ஆடியோ மாட்ட வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை. சென்னை, கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். உப்பு, மணல், துரு பற்றிய பகுதிகள் மட்டும் நமக்கே நமக்கு.

நாலு கதவிலும் ஸ்பீக்கர் இருக்கிறது. அது சரவுண்ட் இல்லையா?

இல்லை. முன் இடது கதவில் என்ன வருகிறதோ அதேதான் பின் இடது கதவிலும் வரும், வலப்பக்கமும் அப்படியே. பின்சீட்டுக்காரருக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்று கம்பெனி செய்த ஏற்பாடு அது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சரவுண்ட் என்றால் பின்னால் போகிற சிக்னல் முன்னால் போவதிலிருந்து வேறாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் 5.1 என்று போட்டிருப்பதன் கணக்கு இதுதான்: முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு, ஆக ஐந்து, புள்ளிக்குப் பிறகு வரும் ஒன்று சப்வூஃபர், அதாவது கீழ்ச் சுருதிக்கான 'சப்'. ஆறுக்கும் தனித்தனிச் சிக்னல். ஸ்பீக்கர் எண்ணிக்கையை மட்டும் ஆறாக்கிவிட்டு அதே இரண்டு ஒயரைப் பிரித்துக் கொடுத்தால் சத்தம் கூடும், சரவுண்ட் ஆகாது.

என் போனில் இருக்கும் பாட்டெல்லாம் 5.1-இல்தான் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. நம் கைக்கு வரும் சினிமாப் பாட்டு ஸ்டீரியோ, அதாவது இடது வலது என்று இரண்டே தடம். ப்ளூடூத்தும் வழக்கமாக இரண்டு தடத்தைத்தான் கொண்டு வரும். போன் திரையில் அட்மாஸ் (டால்பியின் பல தடச் சரவுண்ட்) என்று எழுத்து மின்னினாலும் ப்ளூடூத் வழியாகக் காருக்குள் வந்து சேர்வது அந்த இரண்டுதான். நிஜமான பல தடம் வேண்டுமென்றால் வண்டியே அதற்கென்று கட்டப்பட்டிருக்க வேண்டும். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ மேல் வேரியன்ட்களில் வரும் 16 ஸ்பீக்கர் ஹார்மன் கார்டன் செட் அந்த வகை. அதில் டால்பி அட்மாஸ் உண்டு.

மற்ற வண்டிகளில் நாம் செய்வது, இரண்டு தடத்திலிருந்து ஐந்தைப் பிரித்தெடுப்பது. செய்வது டிஎஸ்பி என்கிற ப்ராசசர். சூட்சுமம் எளிது. பாடகர் குரல் இடதிலும் வலதிலும் சம அளவில் இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் குரல் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது ஒரு ஓரமாக வைத்த வாத்தியங்கள், எதிரொலி, கோரஸின் விரிவு, மேடைப் பதிவாக இருந்தால் கைதட்டல். அந்த மிச்சம்தான் பின் ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது. இரண்டிலும் பொதுவாக இருப்பது சென்டருக்கு. டால்பி ப்ரோ லாஜிக் 2 போன்றவை இதையே பாட்டுக்கேற்ப நொடிக்கு நொடி மாற்றி நாசூக்காகச் செய்கின்றன. அது இல்லாத டிஎஸ்பியிலும், பின் சேனலின் மிக்ஸரில் இடதை அப்படியே வைத்து வலதைத் தலைகீழ் போலாரிட்டியில், அதாவது ப்ளஸ் மைனஸ் மாற்றி, சேர்க்கும் வசதி இருந்தால் முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும். எல்லா டிஎஸ்பியிலும் அந்த வசதி இருக்காது. காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

"பாய், நாகூர் ஹனிபா பாட்டு போட்டா பின்னால சத்தமே வரல. ஸ்பீக்கர் போயிருச்சா?"

போகவில்லை. பழைய பதிவுகள் பலவும் மோனோ. இடதும் வலதும் ஒன்றே என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பின் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் முறை. சென்டர் இருந்தால் மொத்தப் பாட்டும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். டிஎஸ்பியில் இரண்டு ப்ரீசெட் (சேமித்து வைக்கும் செட்டிங்) போட்டுத் தரச் சொல்லுங்கள்: புதுப் பாட்டுக்குச் சரவுண்ட், பழைய பாட்டுக்கு வெறும் முன் ஸ்பீக்கரும் சப்பும். ஹனிபாவின் குரலுக்குப் பின்னாலிருந்து துணை எதற்கு?

தனுஷ்கோடிப் பக்கம் போய் இலங்கை எஃப்எம் வைத்தால் பின் ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல். ஏன்?

இது நம் கடற்கரைக்கே உரிய கேள்வி. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் இலங்கை நிலையங்கள் கிடைக்கும். சிக்னலின் பலம் இடத்துக்கு இடம் மாறும்.

எஃப்எம் ஸ்டீரியோவில் இடது வலது இரண்டையும் கூட்டிய சிக்னல் முதன்மையாகப் போகிறது. இரண்டையும் கழித்த சிக்னல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறிப் போகிறது. சிக்னல் பலவீனமானால் முதலில் இரைச்சல் பிடிப்பது அந்தக் கழித்தல் சிக்னல்தான். நாம் பின்னால் அனுப்புவதும் அதே கழித்தல். ஆகவே இரைச்சலைப் பொறுக்கி எடுத்துப் பின்னால் தனியாக ஒலிக்க விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ட்யூனரை மோனோவில் போட்டால் நின்றுவிடும். மோனோ பட்டன் இல்லாத செட் என்றால், மேலே சொன்ன பழைய பாட்டு ப்ரீசெட்டுக்கு மாறுங்கள்.

அண்ணே, பட்ஜெட் கம்மி. முதலில் எதை வாங்குவது?

முன் கதவுக்கு நல்ல கம்போனன்ட் ஸ்பீக்கர் (மேல் சுருதிக்கான ட்வீட்டர் தனியாக வருவது), அந்தக் கதவுக்கு டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டுவது). அப்புறம் டிஎஸ்பி உள்ள ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). அப்புறம் சின்னதாக ஒரு சப். பின் ஸ்பீக்கரும் சென்டரும் கடைசி. கம்பெனி கொடுத்த பின் ஸ்பீக்கரே சரவுண்டுக்குப் பெரும்பாலும் போதும், ஏனென்றால் அதற்கு நாம் கொடுக்கப்போகும் வேலை கொஞ்சம்தான்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிக்கியில் பெரிய ஊஃபர், பார்சல் ட்ரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், முன்னால் கம்பெனி ஸ்பீக்கர். கேட்டால் கல்யாண வீட்டு மைக்செட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஸ்டீரியோவின் முகப்பில் 4×50 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி ஆம்ப் வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது உச்ச அளவு. தொடர்ச்சியாக அது தருவது சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். அந்தத் தொடர்ச்சியான அளவைக் குறிக்கும், ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

கம்பெனி டச் ஸ்க்ரீனைக் கழற்றாமல் செய்ய முடியுமா?

முடியும். ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள டிஎஸ்பி ஆம்ப் வாங்கினால் போதும். அந்த வண்டிக்குரிய கப்ளர் கிடைக்கும். கம்பெனி ஒயரை வெட்டச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

சென்டர் ஸ்பீக்கர் கட்டாயமா?

தனியாக ஓட்டுபவருக்கு வேண்டாம். டைம் அலைன்மென்ட் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) சரியாகச் செய்தால் பாடகர் டேஷ்போர்டு நடுவில் நின்று பாடுவது போலவே கேட்கும். ஆனால் அந்த அலைன்மென்ட் ஒரு சீட்டுக்குத்தான். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குப் பாட்டு முழுக்க அவர் பக்கத்துக் கதவிலிருந்து வரும். வீட்டம்மாவும் கூடவே வருகிற வண்டி என்றால் சென்டர் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

வைக்கிற இடம் டேஷ்போர்டு நடு, கண்ணாடியைப் பார்த்து. 3 இன்ச், 3.5 இன்ச் ஸ்பீக்கர்தான் அங்கே உட்காரும். அதற்குக் கீழ்ச் சுருதி தாங்காது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ப்ராசசர் இல்லாமல் இடது வலதைச் சும்மா சேர்த்து சென்டருக்குக் கொடுத்தால் பாட்டு விரிந்து கேட்கும் அகலம் சுருங்கிப்போகும். அதற்கு இல்லாமலே இருக்கலாம்.

டைம் அலைன்மென்ட் என்றால் என்ன? டேப் வைத்து அளக்கிறார்களே?

சரவுண்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் காலடியில் இருக்கிறது, இடது கதவு தள்ளி இருக்கிறது. சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். காதுக்கு எந்தச் சத்தம் முதலில் வந்து சேர்கிறதோ, பாட்டு அங்கிருந்து வருவதாகத்தான் மூளை முடிவு செய்யும். அதனால் பக்கத்து ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி செய்கிறோம்.

சின்ன ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டை வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்து, தலை இருக்கும் இடத்திலிருந்து டேப் பிடித்தால் இப்படி வருகிறது என்று வைப்போம்: வலது கதவு 95 சென்டிமீட்டர், இடது கதவு 140, பின் வலது கதவு 80, டிக்கியில் உள்ள சப் 190. தூரமானது சப், அதற்குத் தாமதம் பூஜ்யம். இடது கதவுக்கு 190-இல் 140 போக 50 சென்டிமீட்டர். 34-ஆல் வகுத்தால் 1.5 மில்லிசெகண்ட். வலது கதவுக்கு 95 சென்டிமீட்டர், அதாவது 2.8. பின் வலது கதவுக்கு 110 சென்டிமீட்டர், 3.2.

ஸ்டீரியோ என்றால் இதோடு முடிந்தது. சரவுண்டில் பின் ஸ்பீக்கருக்கு இதற்கு மேலும் 10 முதல் 15 மில்லிசெகண்ட் கூட்ட வேண்டும். அப்போது முன்னாலிருந்து வரும் ஒலி தெளிவாக முந்திவிடும். பின்னால் வருவதைக் காது தனி ஸ்பீக்கராகப் பிரிக்காமல், இடம் பெரிதாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். காருக்குள் உட்கார்ந்து கச்சேரி மண்டபத்தில் இருப்பது போலத் தோன்றுவதன் ரகசியம் இந்தப் பத்துப் பதினைந்துதான். ரொம்பக் கூட்டினால் தபேலா இரண்டு தடவை அடிப்பது போல் கேட்கும்.

எண்கள் தொடக்கம்தான். கடைசியில் ஒரு தெளிவான குரல் பாட்டைப் போட்டு, கண்ணை மூடி, குரல் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கமாக டேஷ்போர்டு நடுவில் நிற்கும் வரை 0.1, 0.2 என்று நகர்த்துங்கள்.

பின் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும்?

இருப்பதே தெரியக்கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். கூடவே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000-6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். பின்னாலிருந்து சிணுங்கும் 'ஸ்' சத்தம் காதைத் திருப்பிவிடும்.

இதைச் செய்து கொடுத்தால் "பின்னால ஒண்ணும் கேக்கலையே" என்று முகம் சுளிப்பவர்களே அதிகம். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன்.

பாடகர் குரல் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. எங்கே தப்பு?

டிஎஸ்பிக்குள் போகும் இடத்தில் ஒரு பக்கத்து ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஹை லெவல் இன்புட்டில் கம்பெனி ஒயர் நிறத்தைத் தப்பாக ஊகித்தால் இப்படி ஆகும். ஒரு பக்கம் தலைகீழானதும் கழித்தல் கூட்டலாகிவிடுகிறது. அடிபட வேண்டிய குரல் இரட்டிப்பாகிப் பின்னால் போய்விடுகிறது.

டிஎஸ்பிக்குப் பிறகு, ஸ்பீக்கர் பக்கம் மாறியிருந்தால் அறிகுறி வேறு. பேஸ் மெலிந்து, குரல் ஒரு இடத்தில் நிற்காமல் பரவிக் கிடக்கும். பேலன்ஸை ஒரே பக்கம் திருப்பினால் பேஸ் கூடுகிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு தொடு தொட்டு எடுங்கள். செல்லின் ப்ளஸ், ஸ்பீக்கர் ஒயரின் ப்ளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

உப்புக்காற்றில் எத்தனை வருஷம் வரும்?

ஸ்பீக்கரை விட ஒயர்தான் முதலில் போகும். கேட்பவர்கள் ஸ்பீக்கர் பிராண்ட் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், ஒயர் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நம் ஊரில் அது தலைகீழாக இருக்க வேண்டும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலோரத்தில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. இணைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் செம்பில் களிம்பு ஏறும். அங்கே நிற்காமல் இழைகளுக்கு நடுவே ஊறி, ஒயர் உறைக்குள்ளேயே பல அங்குலம் பச்சையும் கறுப்புமாகப் போகும். வெளியே பார்த்தால் ஒயர் புதுசு போலவே இருக்கும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒயரில் பெரும்பாலானது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. நமக்கு ஆகவே ஆகாது. முலாம் தேய்ந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் மாவாகிக் கொட்டும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, படகு ஒயரிங்குக்குப் போடுகிற ரகம். விலை கூடத்தான். ஆனால் இங்கே அதைத்தான் போட வேண்டும்.

இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே ஒரு கோடைக்குக்கூட நிற்காது. வெயிலில் பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) வைத்து நன்றாக நெருக்கி, உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுச் சூடு காட்டினால் ஈரம் புகாது.

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியவை இரண்டு. கோன் பாலிப்ராப்பிலீனாக இருக்கட்டும். காகிதக் கோன் இனிமையானது, ஆனால் ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஓர வளையம் ரப்பராக இருக்கட்டும்; ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிரும். திறந்த ஜீப்புக்கு மட்டும், படகுக்கென்று செய்த மரைன் ரேட்டட் ஸ்பீக்கர் வாங்குங்கள். கண்ணாடி ஏற்றி ஏசியில் ஓடும் காருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எர்த் எங்கே எடுப்பது?

பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, மின்னும் இரும்பு தெரிய வைத்து, ஆம்பிலிருந்து ஒரு முழத்துக்குள் போல்ட் போட்டு எடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் அவ்வளவுதான். நம் ஊரில் இன்னொரு வேலை பாக்கி: போல்ட்டை இறுக்கிய பிறகு அந்த இடம் முழுக்க வாசலின் அல்லது கிரீஸ் அப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுரண்டிய இடத்திலேயே துரு தொடங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். மழைக்கு முன்னால், புரட்டாசியில் செய்தால் நல்லது.

டேம்பிங் ஷீட் ஒட்டிய பிறகு கதவுக்குள் தண்ணீர் குலுங்குகிறது. காருக்குள்ளும் ஈரம்.

கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக இறங்கி, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். ஷீட் அந்தத் துளையை மூடியிருந்தால் தண்ணீர் தேங்கும். நம் ஊர் மணலும் சேர்ந்தால் சேறாகும். சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுக் குத்திப் பாருங்கள்.

காருக்குள் ஈரம் வருவதற்குக் காரணம் வேறு. டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். பலர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு பேடை மாட்டிவிடுவார்கள். அந்தத் தாள்தான் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே நிறுத்துவது. புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால், மேல்பாதியை மறைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குடையும் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காந்தத்தின் மேல் சொட்டாது.

எத்தனை கேஜ் (தடிமன்) ஒயர், ஃபியூஸ் எங்கே?

நாலு சேனல் 50 வாட் ஆர்எம்எஸ், சப்புக்கு 200, ஆக 400 வாட் என்று வைப்போம். கிளாஸ் டி ஆம்ப் என்றால் வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். 400-ஐ 0.8-ஆல் வகுத்தால் 500 வாட், 13.5 வோல்ட்டால் வகுத்தால் 37 ஆம்பியர். கிளாஸ் ஏபி என்றால் 55 சதவீதம் போல, 54 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை நாலைந்து மீட்டர் ஓட வேண்டும் என்பதால் இரண்டுக்கும் 4 கேஜ் போடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள். அது ஆம்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடாத வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று கூடவே ஏறுகிறது.

ஆல்டர்னேட்டர் சத்தம். பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான். இங்கே துருப்பிடித்த எர்த் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை ஆம்பிலிருந்து உருவுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஸ்டீரியோ பக்கமோ ஆர்சிஏ ஒயரிலோ. நிற்கவில்லையென்றால் ஆம்ப் பக்கம். பவர் ஒயர் இடப்பக்கம் ஓடினால் ஆர்சிஏ வலப்பக்கம் ஓட வேண்டும்.

மச்சான் துபாயிலிருந்து ஆம்ப் கொண்டுவந்தார். இங்கே வேலை செய்யுமா?

செய்யும். கார் எந்த நாடாக இருந்தாலும் 12 வோல்ட்தான். வளைகுடா ஸ்டீரியோவும் பிரச்சினை இல்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்டீரியோ என்றால்தான் எஃப்எம் சரியாக எடுக்காது. அங்கே 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் வேறு வரிசை.

மீன் லோடு ஏற்றும் லாரிக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும்?

பெரிய வண்டிகள் 24 வோல்ட். கன்வர்ட்டர் வைத்து 12 ஆக இறக்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்தால் ஒன்று வடிந்து, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, இரண்டும் போய்விடும்.

பாம்பன் பாலத்தில் ஏறினால் பேஸ் காணாமல் போகிறது. சப் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். டயர் ஓசை, காற்று, பாலத்து இணைப்புகளில் விழும் தடதடப்பு எல்லாமே கீழ்ச் சுருதியில்தான் இருக்கின்றன. அவை பேஸை மூடிவிடுகின்றன. நின்ற வண்டியில் சரியாக வைத்த பேஸ் 80 கிலோமீட்டர் வேகத்தில் மெலிந்துதான் கேட்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கென்று சப் 3 டெசிபல் கூடிய ஒரு ப்ரீசெட் வையுங்கள், போதும். சப்புக்கும் கதவுக்கும் நடுவே 80 ஹெர்ட்ஸில் வெட்டு வைத்தால் பேஸ் டிக்கியிலிருந்து வருவது தெரியாது.

சப்புக்குப் பெட்டி செய்வதாக இருந்தால் எம்டிஎஃப் பலகை நம் ஈரத்தில் ஊதிவிடும். மரைன் ப்ளைவுட் போடுங்கள், வெளியேயும் உள்ளேயும் ஒரு பூச்சு கொடுத்து. சீட்டுக்கடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் சப் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) என்றால், கடலில் இறங்கிவிட்டு ஈரக் காலோடு ஏறுவீர்கள் என்பதை நினைத்து, ஒரு சின்னப் பலகையில் உயர்த்தி வையுங்கள்.

அரிச்சல்முனையில் நிறுத்திப் பாட்டுக் கேட்கலாமா?

இன்ஜின் ஓடாமல் மிதமாகப் பாடினாலே ஆம்ப், ஸ்டீரியோ சேர்ந்து 8, 10 ஆம்பியர் இழுக்கும். சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். இரண்டு மணி நேரத்தில் பாதி காலி. பழைய பேட்டரி அப்போது ஸ்டார்ட் ஆகாது. ஆள் தேடி ராமேஸ்வரம் வரை போக வேண்டும். இருட்டிய பிறகு அங்கே நிற்கவும் விடமாட்டார்கள்.

ட்வீட்டரை ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) பதிக்கலாமா?

கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் கூடாது. பை விரியும் பாதை அது. ட்வீட்டர் முகத்தில் பாயும். பக்கக் கண்ணாடி மூலை முக்கோணத்தில் வையுங்கள். டேஷ்போர்டு மேல் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் சித்திரை வெயிலில் கழன்று மடியில் விழும்.

இன்சூரன்ஸ், வாரண்டி, போலீஸ்?

ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் பில் வாங்கி, பாலிசியில் மின்னணுச் சாதனமாகத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் திருட்டுக்கு அவற்றின் விலை கிடைக்காது. வெட்டிய ஒயரால் தீ என்றால் க்ளெய்மில் கேள்வி வரும். கம்பெனி வாரண்டியிலும் அதே கதை.

சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். இரவு 10 முதல் காலை 6 வரை டிக்கியைத் திறந்து வைத்து ஊரைக் கூட்டாதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பானெட்டைத் திறந்து ஃபியூஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எர்த் போல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். டோர் பேடை மாட்டும் முன் கதவின் படம் ஒன்று போனில் எடுத்துத் தரச் சொல்லியிருந்தால் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா என்று தெரியும். நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்குங்கள், ஒயர் எங்கேயாவது உரசினால் அங்கே கேட்டுவிடும். டிஎஸ்பி செட்டிங்கை ஃபைலாக வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது அழிந்து போகிற செட்டுகளும் உண்டு.